டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2: தட்டுக்கு அடியிலேயே மோட்டார்

இசைத்தட்டில் வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பாட்டு சீக்கிரம் முடிவதோடு நிற்காது, சுருதியும் ஏறிவிடும். ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடினால் போதும், ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடியதாகக் கேட்கும். ஊசி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் கார்ட்ரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் தவறை அவற்றால் திருத்த முடியாது. இசைத்தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிளைப் பற்றிப் பேசினால் முதலில் மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

வேகம் நிலையாக அரை சதவீதம் கூடியோ குறைந்தோ இருந்தால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஏறி இறங்கினால்தான் காதை உறுத்தும். மெதுவாக ஏறி இறங்குவதை வாவ் என்றும், படபடவென்று வேகமாக நடுங்குவதை ஃப்ளட்டர் என்றும் சொல்வார்கள். பியானோவின் நீண்ட ஒலியில் வாவ் உடனே தெரியும். நம் இசையில் இதைக் கண்டுபிடிக்கத் தம்புராவைக் கேட்டால் போதும். பாடகரின் குரலில் கமகம் இருப்பதால் சின்ன ஆட்டம் அதற்குள் மறைந்துவிடலாம். பின்னால் ஒலிக்கும் சட்ஜமம் ஆடினால் மறைய இடமே இல்லை.

மூன்றாவது தொல்லை ரம்பிள். மோட்டாரின் அதிர்வு தட்டு வழியாக ஊசிக்குப் போய், அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஸ்பீக்கரில் வருவது. ஊசி மைக்ரான் அளவிலான அசைவுகளைப் படிக்கும் கருவி. பள்ளத்தின் அசைவு எது, மோட்டாரின் அசைவு எது என்று அதற்குத் தெரியாது.

ஆக, தட்டைச் சீராகச் சுற்ற வேண்டும், சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். இதற்கு மூன்று வழிகள் வந்தன. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 மூன்றாவது வழியைச் சேர்ந்தது. டிஜேக்களின் கருவி என்று அதற்கு ஏற்பட்ட பெயர், அதற்குள் இருக்கும் பொறியியலைப் பலர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகத் தொடங்கிய வரிசை அது. அதன் சிறப்பு புரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் இருந்த இரண்டு வழிகளையும் பார்த்தாக வேண்டும்.

ரப்பர் சக்கரமும் ரப்பர் பெல்ட்டும்

முதல் வழி ஐட்லர். மோட்டாரின் அச்சுக்கும், இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் கருவியின் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் தட்டைத் தள்ளும். மோட்டார் அச்சில் படிப்படியாகத் தடிமன் மாறும். சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தினால் 33, 45, 78 என்று வேகம் மாறும். இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்யப்பட்டு 1954-இல் வந்த காரார்ட் 301 இந்த வகையின் பெரிய பெயர். அதன் மோட்டார் அச்சில் ஓர் அலுமினியத் தகடு சுழலும். அதன் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் தகட்டில் சுழல்மின்னோட்டம் எழுந்து, தொடாமலேயே பிரேக் பிடிக்கும். வேகத்தை நுணுக்கமாகத் திருத்த அவர்கள் கையாண்ட வழி அது. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124, 1957-இல் வந்தது. மோட்டாருக்கும் ஐட்லருக்கும் இடையில் ஒரு பெல்ட்டையும் வைத்து அதிர்வைக் குறைக்கப் பார்த்தது.

ஐட்லரின் பலம் பிடிப்பு. தட்டை மோட்டார் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பாட்டில் திடீரென்று பெரிய ஒலி வரும்போது பள்ளத்தின் அலைவு கூடி, ஊசி தட்டை இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஐட்லர் தட்டு அதற்கு அசைந்து கொடுக்காது. மிருதங்கமோ டிரம்ஸோ விழும் அழுத்தம் இந்தக் கருவிகளில் நன்றாக இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பலவீனமும் அதே பிடிப்பிலிருந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1500 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 25 முறை. அந்த 25 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் ரப்பர் சக்கரம் வழியாக நேரே தட்டுக்கு ஏறும். கேட்கும் எல்லைக்குள் வரும் அதிர்வுகள் அவை.

இரண்டாவது வழி பெல்ட். மோட்டாரைத் தட்டிலிருந்து தள்ளி வைத்து, நடுவில் நெகிழும் ரப்பர் பெல்ட்டைப் போட்டால் அதிர்வில் பெரும்பகுதி பெல்ட்டிலேயே செத்துவிடும். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் டர்ன்டேபிள் இதை எளிமையின் உச்சத்துக்குக் கொண்டுபோனது. தட்டும், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் ஒரே சட்டத்தில். அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும். மோட்டார் வெளியே, தனியாக. பக்கத்தில் யாராவது குதித்தாலும் ஊசி தாவாது. தோரன்ஸ் டிடி 150-உம், 1970-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த லின் சோண்டெக் எல்பி12-உம் இதே யோசனையின் வாரிசுகள். இந்தக் கருவிகளில் துருவங்கள் அதிகமான, மெதுவாகச் சுழலும் மோட்டார் வைத்தார்கள். 24 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்று மட்டுமே சுற்றும். அதன் அதிர்வு நொடிக்கு நான்கு முறைதான், காதுக்கு எட்டாத ஆழம்.

ஆனால் பெல்ட் நெகிழ்வதால் பிடிப்பு போய்விட்டது. தட்டு வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். ஊசி இழுத்தால் பெல்ட் கொஞ்சம் நீண்டு, பிறகு சுருங்கும். சமாளிக்கக் கனமான தட்டு வைத்தார்கள். அப்புறம், ரப்பர் என்றால் வயது உண்டு. சில ஆண்டுகளில் தளர்ந்து வழுக்கும், வேகம் இறங்கும்.

மோட்டாரே தட்டாக

மூன்றாவது வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த மட்சுஷிதா நிறுவனம். இன்றைய பானசோனிக். டெக்னிக்ஸ் அதன் பிராண்ட். ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளர் தலைமையில் உருவான டெக்னிக்ஸ் எஸ்பி-10, 1970-இல் சந்தைக்கு வந்தது. அதில் ரப்பர் சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. தட்டின் அச்சும் மோட்டாரின் அச்சும் ஒன்றே. இதற்கு நேரடிச் சுழற்சி என்று பெயர். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி.

இதனால் கிடைத்த முதல் லாபம் ரம்பிளில். மோட்டாரின் அடிப்படை அதிர்வு நொடிக்கு அரை முறையாகிவிட்டது. காதுக்கு எட்டுவது இருக்கட்டும், டோன்ஆர்மின் ஒத்ததிர்வுக்கும் கீழே போய்விட்டது. வேகமாகச் சுழலும் பாகம் என்று கருவிக்குள் எதுவுமே இல்லை.

கேட்க எளிதாகத் தெரிகிறது, செய்வது அப்படி இல்லை. சாதாரண மோட்டாரை இவ்வளவு மெதுவாக ஓடவிட்டால் அது தத்தித் தத்திச் சுற்றும். காந்தத் துருவங்கள் ஒவ்வொன்றாகச் சுருளைக் கடக்கும்போது இழுப்பு கூடிக் குறையும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் அந்தத் தத்தல் சுழற்சியின் உந்தத்தில் கரைந்துவிடும். 33⅓-இல் கரையாது, தட்டில் அப்படியே ஏறும். இதற்குப் பதிலாக பிரஷ் இல்லாத டிசி மோட்டாரை எடுத்துக்கொண்டு, சுருள்களுக்கு எப்போது, எவ்வளவு மின்னோட்டம் தருவது என்பதை எலக்ட்ரானிக்ஸிடம் ஒப்படைத்தார்கள். காந்தம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று மின்சுற்று அறிந்து, அடுத்த சுருளுக்கு மெல்ல மெல்ல மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே போகும்.

அடுத்த கேள்வி, வேகம் சரியா என்று யார் பார்ப்பது? மோட்டாருக்குள்ளேயே வேகமானி ஒன்று உண்டு. தட்டு சுற்றும்போது அதன் வேகத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் சிறு மின்சமிக்ஞையை அது உண்டாக்கும். இதன் உணர்சுருள் வட்டம் முழுக்க வளைந்து வளைந்து ஓடும்படி அமைந்திருக்கும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் அந்த இடத்தில் உள்ள சிறு குறையும் வேகத் தவறாகத் தெரியும். வட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் குறைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். இந்தச் சமிக்ஞையை மின்சுற்று பார்த்து, வேகம் குறைந்தால் மோட்டாரை முன்னே தள்ளும், கூடினால் பிடிக்கும். இதற்கு செர்வோ என்று பெயர்.

முதல் தலைமுறை நேரடிச் சுழற்சிக் கருவிகளில் இந்த ஒப்பீடு ஒரு மின்னழுத்தத்தோடு நடந்தது. அறை சூடாகும்போது அந்த மின்னழுத்தம் கொஞ்சம் நகர்ந்தால் வேகமும் கூடவே நகரும். அதனால்தான் அந்தக் காலக் கருவிகளில் வேகத்தை அவ்வப்போது திருகித் திருத்த ஒரு குமிழ் இருக்கும். 1970-களின் நடுவில் குவார்ட்ஸ் படிகம் உள்ளே வந்தது. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே தொழில்நுட்பம். படிகம் நகராத ஓர் அதிர்வெண்ணைத் தரும். வேகமானியின் அலையும் படிகத்திலிருந்து வரும் அலையும் முன்பின் ஆகாமல் சேர்ந்தே விழுகின்றனவா என்று மின்சுற்று பார்க்கும்.

முந்தைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாளத்தை வைத்துச் சொல்லலாம். பழைய செர்வோ லயம் ஓடுகிறதா, இழுக்கிறதா என்று மட்டும் பார்க்கும். குவார்ட்ஸ் செர்வோ ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் சமம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும். முதல் முறையில் மயிரிழைத் தவறு தங்கிவிடலாம், சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவதில் எவ்வளவு சின்னத் தவறும் சேரச் சேரப் பெரிதாகத் தெரியும், தெரிந்தவுடன் திருத்தப்படும். நீண்ட நேரத்தின் சராசரியில் தவறு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

1975-இல் வந்த எஸ்பி-10எம்கே2 இந்த வழியில் போனது. கால் நொடியில் முழு வேகத்தைப் பிடிக்கும். அறிவிப்பாளர் பேசி முடித்ததும் பாட்டு தொடங்க வேண்டிய வானொலி நிலையங்களில் அதற்கு இடம் கிடைத்தது இயல்பு. ஆனால் அது மோட்டாரும் தட்டும் மட்டும்தான். பெட்டியும் டோன்ஆர்மும் தனியாக வாங்க வேண்டும், விலையும் எல்லோருக்கும் எட்டாது. எஸ்எல்-1200 நேரடிச் சுழற்சியை வீட்டுக்கு ஏற்ற ஒரே கருவியாக்கியது. முதல் பதிப்பு 1972-இல், குவார்ட்ஸ் இல்லாமல். ஏழு ஆண்டுகள் கழித்து எம்கே2.

எம்கே2-க்குள்

எம்கே2-இன் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் ஒரு பெரிய காந்த வளையம் திருகப்பட்டிருக்கும். கீழே, உடலில், சுருள்கள். அதாவது மோட்டாரின் ஒரு பாதி தட்டோடு உங்கள் கையில் வந்துவிடுகிறது, மறுபாதி பெட்டியில் இருக்கிறது. நேரடிச் சுழற்சியிலேயே சில கருவிகளில் தனி மோட்டார் ஒன்று இருக்கும், அதன் அச்சின் மேல் தட்டை உட்கார வைப்பார்கள். இங்கே அந்தப் பிரிவும் இல்லை. தட்டுதான் ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம்.

நிறுவனம் கொடுத்த அளவுகளைப் பார்ப்போம். வாவ், ஃப்ளட்டர் இரண்டும் சேர்ந்து 0.025 சதவீதம். ரம்பிள், காதின் உணர்வுக்கேற்ப எடையிட்ட அளவில், மைனஸ் 78 டெசிபல். தொடக்க முறுக்குவிசை 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். நின்ற நிலையிலிருந்து 33⅓-ஐத் தொட 0.7 நொடி. அந்த நேரத்தில் தட்டு அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. நிறுத்தும்போதும் தானாக ஓய்ந்து நிற்க விடுவதில்லை. மோட்டாருக்கு எதிர்த்திசையில் விசை கொடுத்துச் சட்டென்று நிறுத்தும்.

இந்த 0.025 எவ்வளவு சிறியது என்று உணர இசைத்தட்டையே அளந்து பார்க்கலாம். தட்டின் நடுத்துளை மையத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைத் தட்டுகளில் இது அபூர்வம் இல்லை. ஊசி உள்பள்ளத்தில், அதாவது மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரில் ஓடும்போது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.33 சதவீதம் ஏறி, அதே அளவு இறங்கும். அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஆனாலும் எது பெரியது என்பதில் சந்தேகம் இல்லை. உங்கள் தட்டில் தம்புரா ஆடினால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் டோன்ஆர்ம் இடவலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் குற்றம் துளையில்தான். நாகமிச்சி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் டிஎக்ஸ்-1000 என்ற டர்ன்டேபிளில் பள்ளத்தின் உண்மையான மையத்தைத் தேடித் தட்டைத் தானே நகர்த்தும் ஏற்பாட்டையே செய்தது. பணம் படைத்தவர்களுக்கான கருவி. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அவர்கள் சரியாகப் பார்த்தார்கள்.

எம்கே2-இன் வலப்பக்கம் நீளமான ஒரு நெம்புகோல், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும். இதற்கு முந்தைய எஸ்எல்-1200-இல் இதே வேலைக்குச் சிறிய குமிழ்கள்தான் இருந்தன. நெம்புகோலை நடுவுக்குக் கொண்டுவந்தால் 'கிளிக்' என்று உட்காரும், பச்சை விளக்கு எரியும், குவார்ட்ஸ் முழுப் பிடியில் இருக்கிறது என்று பொருள். டிஜேக்கள் இரண்டு பாட்டின் தாளத்தை இணைக்க இதைப் பயன்படுத்துவது எல்லோருக்கும் தெரியும். நம் இசை கற்பவர்களுக்கும் இது பெரிய உதவி. 8 சதவீதம் என்றால் அரைக் கட்டைக்கும் கொஞ்சம் மேல். தட்டில் இருக்கும் கச்சேரியின் சுருதி உங்கள் வயலினோடு சற்றே ஒட்டாமல் இருந்தால், வயலினைத் தளர்த்தாமல் தட்டை உங்கள் சுருதிக்கு இழுத்துக்கொள்ளலாம்.

தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். வேகம் சரியாக இருந்தால் ஒரு வரிசைப் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். மற்ற மூன்று வரிசைகள் 6 சதவீதக் கூடுதல், 3.3 சதவீதக் கூடுதல், 3.3 சதவீதக் குறைவு ஆகியவற்றுக்கு. பழைய கருவிகளில் இந்த விளக்கு மின்வாரிய அலையோடு துடிக்கும். மின்சாரத்தின் அதிர்வெண் நகர்ந்தால் அளவுகோலே நகர்ந்துவிடும். எம்கே2-இல் விளக்கும் குவார்ட்ஸிலிருந்தே துடிப்பைப் பெறுகிறது.

உடல் இரண்டு பகுதி. மேலே அச்சில் வார்த்த அலுமினியம், கீழே கனமான ரப்பர் கலவை. ஏஆர், லின் வழியில் ஸ்பிரிங்கில் மிதக்க விடாமல், கனத்தாலும் உள் தணிப்பாலும் அதிர்வை விழுங்கும் முறை. கால்களில் மட்டும் நெகிழ்வு. தட்டின் அடிப்பக்கத்திலும் ரப்பர் பூசியிருக்கிறார்கள், தட்டினால் மணிபோல் ஒலிக்காமல் மொத்தென்று அடங்கும். மர அலமாரி ஆடும் வீட்டில் ஸ்பிரிங் கருவி நன்றாக வேலை செய்யலாம், ஆனால் நடந்து போனாலே தடுமாறும் ஸ்பிரிங் கருவிகளும் உண்டு. கெட்டியான மேசையும் சிமெண்ட் தரையும் இருக்கும் நம் ஊர் வீடுகளுக்கு எம்கே2-இன் முறை பொருத்தம் என்பது என் எண்ணம்.

டோன்ஆர்மை விரைவாகச் சொல்லிவிடலாம். எஸ் வடிவக் குழாய், இரு திசையிலும் தடையின்றி அசையும் தாங்கி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய நுனியான ஹெட்ஷெல். இதன் உண்மையான சிறப்பு அடியில் இருக்கும் வளையம். அதைத் திருகினால் கை முழுவதும் 6 மில்லிமீட்டர் வரை உயரும், இறங்கும். கார்ட்ரிட்ஜின் உயரம் மாறினால் ஊசி பள்ளத்தில் நிற்கும் கோணம் மாறும். அதைத் திருத்தும் வசதியை இந்த விலையில் அப்போது அதிகம் பேர் தரவில்லை. கையின் பயனுறு நிறை, அதாவது கை அசையும்போது ஊசி உணரும் கனம், ஏறக்குறைய 12 கிராம், நடுத்தரம். மிக மென்மையான ஊசித் தாங்கல் உள்ள கார்ட்ரிட்ஜ் இதற்குப் பொருந்தாது. மற்றபடி பெரும்பாலானவை ஒத்துப்போகும்.

இரண்டு குற்றச்சாட்டுகள்

பெல்ட் ரசிகர்கள் நேரடிச் சுழற்சியின் மேல் வைக்கும் குறைகள் இரண்டு. தத்தல் என்பது முதலாவது. இரும்பு உள்ளகம் கொண்ட மோட்டாரில் காந்தம் இரும்பை இழுக்கும், அந்த இழுப்பு சுற்று முழுதும் ஒரே சீராக இருக்காது. இரண்டாவது, செர்வோ ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது, அந்தத் திருத்தமே ஒரு நடுக்கம் என்பது.

இரண்டும் வெறும் கற்பனை இல்லை. 1970-களின் பின்பாதியில் பல நிறுவனங்கள் மலிவான நேரடிச் சுழற்சிக் கருவிகளைச் சந்தைக்கு இறக்கின. மெல்லிய தட்டு, பிளாஸ்டிக் உடல், அவசரச் செர்வோ. அவற்றைக் கேட்டவர்கள் முறையையே வெறுத்ததில் நியாயம் உண்டு. ஆனால் தவறு முறையில் இல்லை, செய்த விதத்தில் இருந்தது. கனமான தட்டின் உந்தம் செர்வோவின் அவசரத்தைத் தணிக்கும். செர்வோ எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்பதைத் தட்டின் கனத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். எம்கே2-இல் அந்தக் கணக்கு நிதானமாகப் போடப்பட்டிருக்கிறது. அதற்கு ஒலியில் ஒரு சுபாவம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை மோட்டாரைவிட டோன்ஆர்மிலும் ரப்பர் விரிப்பிலும் தேடுவதே சரி என்று நினைக்கிறேன். சுழற்சியில் இது தன் விலையைவிடப் பல மடங்கு விலையுள்ள பெல்ட் கருவிகளோடு தோளோடு தோள் நிற்கும்.

டிஜேக்கள் இதைப் பிடித்துக்கொண்டதும் அதே சுழற்சியால்தான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி நீட்டும் வித்தை அங்கிருந்து பரவியது. தட்டைக் கையால் பிடித்து நிறுத்துவதும், பின்னுக்கு இழுப்பதும், விட்டதும் உடனே வேகம் பிடிப்பதும் பெல்ட்டால் ஆகாத காரியம். பெல்ட் வழுக்கும், கழன்று விழும். நேரடிச் சுழற்சியில் கைக்கும் மோட்டாருக்கும் நடுவில் காற்றிடைவெளியும் காந்தப்புலமும்தான் இருக்கின்றன. தேய ஒன்றும் இல்லை. வீட்டுக்காகச் செய்த கருவி இரவு முழுக்க அடிவாங்கியும் நின்றதால், அந்த வரிசை 2010 வரை நிற்காமல் ஓடியது. மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது.

2016-இல் பானசோனிக் அதை மீண்டும் கொண்டுவந்தபோது மோட்டாரை முழுக்க மாற்றியது. சுருள்களுக்குள் இரும்பு உள்ளகமே இல்லை, அவற்றின் மேலும் கீழும் காந்தங்கள். இரும்பு இல்லையென்றால் தத்தலுக்கு அடிப்படையே இல்லை. அந்த முதல் குற்றச்சாட்டுக்குப் பொறியாளர்களே மதிப்புக் கொடுத்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. பழைய எம்கே2-ஐ இது செல்லாக்காசாக்கிவிடவில்லை.

பழையது வாங்குபவர்களுக்கு

பழைய டர்ன்டேபிள் வாங்கும்போது நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ஏசி மோட்டாரால் ஓடும் ஐட்லர், பெல்ட் கருவிகளின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இந்தியாவின், இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓ என்பது ஏறக்குறைய 27.8 ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாடிய பெண்குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். மோட்டார் அச்சில் இருக்கும் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால்தான் சரியாகும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போட்டால் வோல்டேஜ் சரியாகும், வேகம் சரியாகாது.

எம்கே2-க்கு இந்தத் தொல்லை இல்லை. டிசி மோட்டார், குவார்ட்ஸ் கட்டுப்பாடு, ஆகவே அதிர்வெண் எதுவானாலும் ஒன்றுதான். வோல்டேஜை மட்டும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கானவை. அதை நேராக 230-இல் சொருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

அப்புறம் நெம்புகோலை மெதுவாக முழு நீளமும் நகர்த்தி, வேகம் எங்காவது துள்ளுகிறதா என்று பாருங்கள். நாற்பது வருடத் தூசி அதற்குள் போயிருக்கும். பெரும்பாலும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். டோன்ஆர்மை நுனியில் மெல்லப் பிடித்து ஆட்டினால் தாங்கியில் தளர்வு தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தக் கருவியை விட்டுவிடலாம், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஐட்லர் கருவியானால் ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாகிப் போயிருந்தாலோ, ஓரிடத்தில் தட்டையாகிவிட்டிருந்தாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக் டொக்' என்று கேட்கும். வேகத்தைச் சரிபார்க்க, வட்டமாகக் கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டு வாங்கினால் 50 ஹெர்ட்ஸுக்கானதைக் கேட்டு வாங்குங்கள். 33⅓ வட்டத்தில் 180 கோடுகள் இருக்கும், 60 ஹெர்ட்ஸ் தட்டில் 216. பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எல்இடி பல்புகள் பல அந்தத் துடிப்பைக் காட்டாது.

வீட்டில் தாத்தா காலத்து 78 வேக அரக்குத் தட்டுகள் இருந்தால் எம்கே2 அவற்றுக்கு ஆகாது. அதில் 33, 45 மட்டும்தான். அந்தத் தட்டுகளுக்கு எஸ்பி-10எம்கே2, காரார்ட் 301, அல்லது சுவிஸ் லென்கோ எல்75 வேண்டும். மூன்றில் லென்கோவைத்தான் முதலில் சொல்வேன். அதன் மோட்டார் அச்சு கூம்பாக இருக்கும், ஐட்லர் சக்கரத்தை அதன் மேல் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வேகத்தைத் தொடர்ச்சியாக மாற்றலாம். பழைய 78 தட்டுகள் பல உண்மையில் 78-இல் பதிவானவை அல்ல. அந்தக் காலப் பாடகரின் சுருதி உங்களுக்குத் தெரிந்திருந்தால், அது வந்து சேரும் வரை நெம்புகோலை நகர்த்திக்கொண்டே போகலாம். ஊசியும் வேறு வேண்டும். 78-இன் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரமுள்ள முனை. எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும்.